நாலு தொன் பெட்டியும் நானூறு கிலோ படகும்

கண்டிப் பக்கத்தில் பரல் கட்டி மிதவைப் படகு ஒன்றைச் செய்து முடித்தவர் அடுத்ததாகத் தேடுவது, அதை ஏற்றிப் போக ஒரு ட்ரெயிலர். கட்டுகஸ்தோட்டையில் கேட்டாலும் கெலிஓயாவில் கேட்டாலும் திகனையில் கேட்டாலும் அவருக்குக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான். பழைய உழவு மெஷின் பெட்டியொன்றை வாங்கு, பக்கப் பலகைகளைக் கழற்றிப் போடு, குறுக்கே நாலு எங்கிளை வைத்து வெல்ட் பண்ணு, படகைத் தூக்கி மேலே வை. ஏன் என்று கேட்டால் "இரும்பு கெட்டி" என்பார்கள். மறுபேச்சு கிடையாது. கெட்டி இரும்பு என்று சொன்னதும் நம்மவர்களுக்கு வேறு கேள்வி எழுவதுமில்லை.

எனக்கு எழுகிறது. இந்த யோசனை பாதி சரி, பாதி பிழை என்றுகூட நான் சொல்லத் தயாரில்லை. அடியிலிருந்தே பிழை. மிதவைப் படகைச் சுமக்கும் ட்ரெயிலரில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, அதன் ஸ்பிரிங் படகின் பாரத்துக்கு அசைகிறதா, பாரம் எங்கே உட்காருகிறது என்ற மூன்றையும்தான். இரும்பின் தடிப்பு கடைசியில் வர வேண்டிய விஷயம். அதை முதலில் வைத்தால் மற்ற மூன்றும் கெட்டுப்போகின்றன.

முதலில் பாரத்தைக் கூட்டிப் பார்ப்போம். 210 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்று ஏறத்தாழ 10 கிலோ. இரண்டு வரிசையில் பத்துப் பரல் என்றால் 100 கிலோ. ஐந்து மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலத்துக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் தளம் போட்டால் இன்னொரு 110 கிலோ. பொக்ஸ் பார் சட்டகம் 100 கிலோ. 15 குதிரைவலு மோட்டர் 50 கிலோ. கைப்பிடி, கூரை, எண்ணெய்க் கான், நங்கூரம் என்று சில்லறை 60 கிலோ. மொத்தம் 400 கிலோவைச் சற்றுத் தாண்டும். அலுமினியக் குழாயில் செய்த பெரிய பொன்டூன் இதைவிடக் கனம். ஆனாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் பார்த்தால் மிதவைப் படகு என்பது காற்றை அடைத்து வைத்த பொருள்தான். இந்தக் காற்றுக்குக் கீழே நாம் கொண்டுபோய் வைப்பது நாலு தொன் நெல்லும் கல்லும் மணலும் சுமப்பதற்கென்று செய்த பெட்டி. வெறுமையாகவே அது ஒரு தொன்னை ஒட்டி இருக்கும். சுமக்கப்படுவதைவிடச் சுமப்பது இரண்டரை மடங்கு பாரம்.

இருந்தால் என்ன, பலம்தானே என்பார்கள். கண்டியில் ஒரு கராஜில் பாஸ் ஒருவர் என்னிடம் அப்படியேதான் சொன்னார்: "அண்ணே, இது நாலு தொன் ஏத்துற பெட்டி. ஒங்க போட்டு என்னா பெரிய பாரம்? வச்சதே தெரியாது." அவர் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. வைத்தது பெட்டிக்குத் தெரியாது. தொல்லையே அதுதான். நாலு தொன்னுக்கு அமைத்த ஸ்பிரிங் நானூறு கிலோவுக்கு அசையாது. பல பெட்டிகளுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. ஆக்சிலைச் சட்டத்தோடு நேரே பூட்டியிருப்பார்கள், வயல் வரம்பில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போக அது போதும். அதையே கெப் ஒன்றின் பின்னால் பூட்டி, திகன வீதியில் நாற்பதில் இழுத்தால் ஒவ்வொரு குழியின் அடியும் நேரே படகுக்குப் போகிறது. பெட்டி துள்ளும், படகு அதன்மேல் துள்ளும், இரண்டும் ஒரே நேரத்தில் கீழே வராது. நெல் மூடைக்கு இந்த அடி உறைக்காது. வெல்ட் பண்ணிய சட்டகத்துக்கும் பரலுக்கும் உறைக்கும்.

அந்தக் கராஜ் வாசலில் அப்படிச் சேவகம் செய்த படகொன்று திருத்தத்துக்கு வந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் பரல்களின் வயிற்றில், எங்கிள் இரும்பு அழுத்திய இடங்களில், விரல் புதையும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. பின்வரிசைப் பரலொன்றில் அந்தக் கோடு வெளிறிப்போய், நடுவில் மயிரிழை போல வெடித்திருந்தது. பெட்டியின் இழுவைச் சட்டத்தில், அடிப்பக்கம் குறுக்கே போட்ட ஒரு வெல்டின் ஓரத்திலிருந்து செம்பழுப்பாகத் துரு வடிந்து காய்ந்திருந்தது. வெல்டுக்குப் பக்கத்தில் துரு வடிகிறது என்றால் உள்ளே வெடிப்பு ஓடுகிறது என்று பொருள். பாஸ் அதற்கு மேலே இன்னொரு தகட்டை வைத்து வெல்ட் பண்ணத் தயாராகிக்கொண்டிருந்தார். கெட்டியாக்குகிறாராம்.

இழுவைச் சட்டம் வளையும்போது அதன் அடிவிளிம்பும் மேல்விளிம்பும்தான் அதிக இழுப்பையும் அமுக்கத்தையும் தாங்குகின்றன. நடுப்பகுதி சும்மா இருக்கிறது. அந்த விளிம்புக்குக் குறுக்கே சூட்டை ஏற்றி ஒரு வெல்ட் போடுவது, வெடிப்புக்கு இடம் குறித்துக் கொடுப்பதற்குச் சமம். மேலே எத்தனை தகடு ஒட்டினாலும், தகடு முடிகிற விளிம்பில் அடுத்த வெடிப்பு வரும். குறுக்குச் சட்டங்களை யூ போல்ட் போட்டுக் கவ்வினால் சட்டத்தில் ஒரு துளையும் விழாது, சூடும் ஏறாது, நாளைக்கு இடம் மாற்ற வேண்டுமென்றால் ஸ்பேனர் போதும். ஆனால் யூ போல்ட்டைப் பார்த்தால் நம் ஆட்கள் "தற்காலிக வேலை" என்கிறார்கள். லொறியின் ஆக்சிலையே ஸ்பிரிங்கோடு பிடித்து வைத்திருப்பது யூ போல்ட்தான் என்பதை எப்படி மறந்தார்களோ.

இனி உயரத்துக்கு வருகிறேன். என் வாதத்தின் முக்கால்வாசிப் பலம் இங்கேதான்.

கண்டி நகரத்தில் இருப்பவர்களுக்கு நீர்நிலை என்றால் கண்டி வாவி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டியது. கரையோரம் மதில், எப்போதும் ஏறத்தாழ ஒரே மட்டம், படகு கட்டிய இடத்தில் கட்டியபடி கிடக்கும். ட்ரெயிலர் அங்கே பேச்சுக்கே வராது. மகாவலியின் நீர்த்தேக்கங்கள் அந்த ரகமில்லை. 1985இல் திறந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். முழுமையாக நிரம்பினால் நீர்மட்டம் கடலிலிருந்து 438 மீற்றர். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் திறக்கத் திறக்க மட்டம் இறங்கிக்கொண்டே போகும். கடும் வறட்சியில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரத்தின் இடிபாடுகளே வெளியே தெரியும் அளவுக்கு இறங்கும். ஆக கரை என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. நிலையான இறங்குதுறை கட்டிவைத்துப் பயனில்லை. தண்ணீர் போகும் இடத்துக்கு ட்ரெயிலர்தான் போக வேண்டும். அங்கே இருப்பது கொங்கிரீட் சாய்தளம் இல்லை. செம்மண் சேறு. (சரணாலய எல்லை, மகாவலி அதிகார சபையின் அனுமதி என்பவை தனிக் கதை. அவற்றை முடித்துவிட்டுத்தான் கரைக்கே போக வேண்டும்.)

அந்தச் சேற்றில் கணக்குப் பார்ப்போம். நாம் கூட்டிப் பார்த்த வெறும் மிதவை மிதக்க ஒரு சாண் தண்ணீர் போதும். உழவு மெஷின் பெட்டியின் தளம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் உயரம். படகு பெட்டியை விட்டு எழும்ப வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு மீற்றர் தண்ணீர் வேண்டும். தளத்தை 40 சென்ரிமீற்றருக்குத் தாழ்த்தினால் 60 சென்ரிமீற்றர் தண்ணீரே போதும். பத்துக்கு ஒன்று சரிவுள்ள கரையில் இந்த 40 சென்ரிமீற்றர் வித்தியாசம் நாலு மீற்றர் தூரமாக மாறுகிறது. உயரமான பெட்டியோடு போனவர் நாலு மீற்றர் கூடுதலாகச் சேற்றுக்குள் பின்னோக்கிப் போக வேண்டும். அவருடைய கெப்பின் பின்சக்கரம் அரைவாசி தண்ணீருக்குள் நிற்கும். தாழ்ந்த ட்ரெயிலர்காரரின் பின்சக்கரம் நீர்விளிம்பில் நனைவதோடு சரி. இறக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. மாலையில் ஈரம் சொட்டும் படகை ஏற்றி, ஒரு தொன் பெட்டியையும் சேர்த்து, சேற்றிலிருந்து மேலே இழுக்கும்போது தெரியும். அப்போது ஊரில் உழவு மெஷின் யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போவார்கள். பெட்டி பழைய எஜமானோடு சேர்ந்துகொள்ளும்.

உயரம் கரையில் மட்டும் கெடுப்பதில்லை. சக்கர அகலம் ஒன்றரை மீற்றருக்குள், மேலே இரண்டு மீற்றர் அகலத் தளம், அதற்கும் மேலே கூரை. இப்படி ஒன்று வளைவில் திரும்பும்போது அதைச் சாயாமல் வைத்திருப்பது பாரத்தின் தாழ்வுதான். கூரையைக் கழற்றாமல் இழுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல. பாய்மரத்தை விரித்துக்கொண்டு மலைப்பாதையில் போகிறார்கள்.

மலைப்பாதை என்றதும் அடுத்த சமாதானம் வரும்: "பக்கத்தில் இருக்கிற தண்ணிக்குத்தானே, பத்துக் கிலோமீற்றர்." தூரத்தை வைத்துக் கண்டியை அளக்கிறவர் கண்டியில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார். நீர்கொழும்பிலிருந்து படகை ஏற்றி வருபவருக்குக் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கிறது. மகியங்கனைப் பக்கம் சொரபொர வாவிக்குக் கொண்டுபோகிறவருக்கு உடுதும்பறையைக் கடந்ததும் பதினெட்டு வளைவு இருக்கிறது. இறக்கத்தில் பாரம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பெட்டியும் படகுமாக 1450 கிலோ. அது நூறு மீற்றர் கீழே இறங்கும்போது வெளிவிடும் சக்தி, நாலரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சினும் காற்றும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும்; மிச்சம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். பெட்டியின் பிரேக் கெப் மிதியோடு சேர்ந்து வேலை செய்யாது. அப்படியானால் அந்தச் சூடு முழுவதும் கெப்பின் நான்கு சக்கரத்துக்கு. 250 கிலோ ட்ரெயிலரில் அதே படகென்றால் சூடு பாதிக்கும் குறைவு. நீங்கள் "பலத்துக்கு" என்று வெல்ட் பண்ணிய ஒவ்வொரு கிலோவும் பதினெட்டு வளைவில் உங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது.

தள்ளுவது நேராகத் தள்ளினாலும் பரவாயில்லை. மிதவைப் படகில் மோட்டர் பின்னால் தொங்குகிறது. பெட்டி பன்னிரண்டு அடி, படகு பதினாறு அடி. மிச்ச நாலடி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் மோட்டர். ஆக்சில் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. விளைவாக, ஹூக்கில் இருக்க வேண்டிய பாரம் இல்லாமல் போகிறது. மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஹூக்கில் அழுத்த வேண்டும். 250 கிலோ ட்ரெயிலரும் படகுமாக ஏறத்தாழ 700 கிலோ என்றால் 70 கிலோ. அழுத்தாவிட்டால் ட்ரெயிலர் வாலாட்டும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும், இறக்கத்தில் பிரேக் மிதித்தால் இழுக்கும் வண்டியையே குறுக்கே திருப்பிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, இழுவைச் சட்டத்தின் நுனியை அதன்மேல் இறக்கினால் எண் தெரியும். எண் குறைந்தால் ஆக்சிலைப் பின்னால் தள்ள வேண்டும். யூ போல்ட்டில் பூட்டிய ஆக்சில் தள்ளும். வெல்ட் பண்ணியது எங்கே தள்ளுவது?

இன்னொரு நம்பிக்கையும் ஊரில் உலவுகிறது. கடல் தண்ணீர்தான் இரும்பைத் தின்னும், மகாவலித் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பது. உப்பில்லாததால் துரு மெதுவாக வரும், அவ்வளவுதான் உண்மை. பொக்ஸ் பாருக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்காவிட்டால் அது உள்ளிருந்து தின்கிறது, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதைவிட மோசம் பெயாரிங். இறக்கத்தில் ஓடிச் சூடான சக்கரக் குடத்தை நேரே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால் நிறமாகிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சக்கரம் எத்தனை நாள் ஓடும் என்பது அதிர்ஷ்டம். கரைக்கு வந்ததும் அரைமணி நேரம் ஆறவிட்டு இறக்குவதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. வயலில் ஓடிய பெட்டிக்கு இந்தப் பழக்கமே கிடையாது, அதன் சீல்களும் அதற்கென்று செய்தவை இல்லை.

"இவ்வளவு காலமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்பது கடைசி ஆயுதம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிண்ணியா ஞாபகம் வரும். அங்கே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும்வரைக்கும் என்று ஓடிய மிதவைப் பாதையிலும் மக்கள் தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அது தண்ணீரில் நடந்தது, நான் பேசுவது றோட்டைப் பற்றி, இரண்டும் ஒன்றில்லை என்பது தெரியும். ஆனால் நேற்று நடக்கவில்லை என்பதைப் பாதுகாப்புச் சான்றிதழாக நீட்டுகிற மனப்பான்மை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கண்டி வளைவில் ஹூக் விட்டுப்போன ட்ரெயிலருக்கு முன்னாலோ பின்னாலோ வருவது பெரும்பாலும் ஆள் நிறைந்த பஸ்.

என் பேச்சைக் கேட்டுவிட்டு மறுபக்கத்துக்குத் தாவுகிறவர்களும் உண்டு: அப்படியானால் வெளிநாட்டு ட்ரெயிலரே வாங்க வேண்டும், நம் ஊர் வேலை சரிவராது என்று. அதுவும் வீண் பேச்சு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1950களின் தொடக்கத்தில் முதல் பொன்டூன் படகைக் கட்டியவராகச் சொல்லப்படும் அம்புரோஸ் வீரெஸ் ஒரு விவசாயி. கையில் கிடைத்த உருக்கு உருளைகளின் மேல் மரத்தளம் போட்டு மிதக்க விட்டவர். இந்தப் படகின் பிறப்பே பழைய சாமானில்தான். இங்கேயும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஐந்தாண்டு காலம் நாடே பழையதைத் திருத்தித்தான் ஓடியது. பழையதை நம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பழைய ட்ரெயிலரோடு சண்டையில்லை. எந்தப் பழைய ட்ரெயிலர் என்பதில்தான் சண்டை.

கழித்துப்போட்ட சிறிய வேனின் பின் ஆக்சில், அதன் பட்டை ஸ்பிரிங்குகளோடு, கண்டியில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பொருள். நாலு ஐந்து பட்டை இருந்தால் இரண்டைக் கழற்றிவிட்டு, படகை வைத்து, ஸ்பிரிங் கொஞ்சமாவது இறங்குகிறதா என்று பார்த்துப் பூட்டலாம். ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே வருமாறு மாற்றிப் பூட்டினாலே தளம் ஒரு கை அளவு தாழும். குறுக்கு எங்கிளின் மேல் பரலை உட்கார வைக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரிசைப் பரலுக்கும் கீழே நீளவாக்கில் ஒரு பலகை, முன்பிருந்து பின்வரை, அதன்மேல் பழைய கம்பளம். படகின் பாரம் கோடாக விழாமல் நீளமெங்கும் பரவும், ஈரத்தில் வழுக்கி இறங்கவும் செய்யும். தும்பு விரிப்பு வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்து வைத்துப் பலகையை உக்க வைக்கும். ஆணியும் வளையமுமாக லொடலொடக்கும் உழவு மெஷின் ஹூக்கை எறிந்துவிட்டுக் குண்டு ஹூக், அறுந்தால் பிடிக்க இரண்டு சங்கிலி, பின்விளக்கு. ட்ரெயிலரும் பதிவுக்குரிய வாகனம்தான். வெட்டி ஒட்டியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொல்லாமல் ஓட்டிவிட்டு, விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரரிடம் கெஞ்சுவதில் பயனில்லை.

இதெல்லாம் செலவு, பெட்டி மலிவு என்று இன்னும் ஒருவர் சொல்வார். மலிவையும் முழுசாகக் கணக்குப் பார்க்கலாமே. பெட்டிக்குப் போட வேண்டிய பெரிய டயர், அதை இழுக்கக் கெப் குடிக்கும் கூடுதல் டீசல், வருடத்துக்கு இரண்டு வெடித்த பரல், சேற்றிலிருந்து இழுத்துவிட வந்தவருக்குக் கொடுத்தது, வெடித்த வெல்டுக்கு மேலே வெல்ட். ஏற்கனவே பெட்டியை வாங்கிவிட்டவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பக்கப் பலகைகளைத் திரும்பப் பூட்டி, மகியங்கனைப் பக்கம் விளம்பரம் கொடுத்தால், அறுவடைக்கு முன்னால் ஒரு விவசாயி வந்து நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். நாலு தொன் நெல் அவரிடம் இருக்கிறது.